வாசற்படி வரை போய்த் திரும்பிய மதிப்பெண்கள்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று ஹாஸ்டல் மாடியில் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். "8.1 வந்திருக்குப்பா."

"நூத்துக்கு எவ்வளவு கண்ணு?"

"நூத்துக்கெல்லாம் இல்லப்பா, பத்துக்கு."

"சரி, அப்ப 81."

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா."

"பின்ன எப்படித்தான் சொல்றது?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா ராசிபுரத்துப் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் செயலாளராக இருந்தவர். 81 முதல் 90 வரை யார் எவ்வளவு வாங்கினாலும் ஒரே கிரேடு, அதற்கு 9 பாயின்ட் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "பாலுக்கே ஃபேட்டு ஒரு பாயின்ட்டு ஏறுனா காசு மாறுது. 4.1-க்கும் 4.9-க்கும் ஒரே வெலைன்னு நான் சொசைட்டில போர்டு எழுதி வெச்சா, கேனத் தூக்கி என் தலையிலயே ஊத்திருவாங்க."

அன்றைக்குச் சிரித்துவிட்டு போனை வைத்தேன். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்று புரிய மூன்று வருஷம் ஆனது.

நான் பொறியியல் படித்தது 2014 முதல் 2018 வரை, எலெக்ட்ரானிக்ஸ். எங்கள் ரெகுலேஷனில், அதாவது பல்கலைக்கழக விதிமுறையில், 91-உம் அதற்கு மேலும் எஸ் கிரேடு, பாயின்ட் 10. 81 முதல் 90 வரை ஏ, 9. 71 முதல் 80 வரை பி, 8. 61 முதல் 70 வரை சி, 7. அதற்குக் கீழே 57 முதல் 60 வரை டி, 50 முதல் 56 வரை ஈ. 50-ஐத் தொடாவிட்டால் அரியர். கிரேடு ஷீட்டில் எழுத்து மட்டும்தான் வரும், மதிப்பெண் வராது. கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மதிப்பெண் 20. செமஸ்டர் தேர்வு 100-க்கு எழுதி, 80-க்குச் சுருக்கப்படும்.

கடைசி வருஷம் என் அறைத்தோழி ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கத் தயாரானாள். பாடவாரியாக மதிப்பெண் விவரம் கையில் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, மனுப் போட்டுக் கட்டணம் கட்டினாள். துணைக்குப் போன நானும் எனக்கு ஒன்று சேர்த்துப் போட்டேன். காகிதம் வர மூன்று மாதம் ஆனது. வந்த அன்று மெஸ் மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நாலாவது செமஸ்டர் வரிசை இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

எனக்கு ஆறு தியரித் தாளில் 90, 80, 89, 70, 90, 79. மொத்தம் 498, சராசரி 83. அவளுக்கு 81, 91, 72, 81, 71, 92. மொத்தம் 488, சராசரி 81.3. நான் பத்து மதிப்பெண் கூடுதல். இப்போது கிரேடாக மாற்றுங்கள். எனக்கு 9, 8, 9, 7, 9, 8, கூட்டினால் 50. அவளுக்கு 9, 10, 8, 9, 8, 10, கூட்டினால் 54. எல்லாத் தாளுக்கும் ஒரே கிரெடிட், அதாவது சராசரியில் ஒரே எடை, என்று வைத்துக்கொண்டால் நான் 8.33, அவள் 9.0.

அவள் என் தாளை விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே வந்து, "ஏ, எல்லாத்துலயும் வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கியேடி!" என்றாள். மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் தந்திரம் ஒன்றும் பண்ணவில்லை. நானும் சோம்பேறித்தனமாக இருந்துவிடவில்லை. கோடு போட்ட இடம் அவளுக்குச் சாதகமாக அமைந்தது, அவ்வளவுதான்.

அந்த இரண்டு 90-இல் ஒன்று கம்யூனிகேஷன் தியரி. அதற்கு ரிசல்ட் வந்தபோதே விடைத்தாள் ஜெராக்ஸ் வாங்கிப் பார்த்திருந்தேன். செமஸ்டர் தேர்வில் 89. எண்பதுக்குச் சுருக்கினால் 71.2. இன்டர்னல் 19 சேர்த்தால் 90.2, ஆக 90. தேர்வில் 90 வாங்கியிருந்தால் 72 + 19 = 91, எஸ் கிரேடு. நூறுக்கு ஒரே ஒரு மதிப்பெண். அது எங்கே போனது என்பதும் தெரியும். பகுதி ஏ, இரண்டு மார்க் கேள்வி, நைக்விஸ்ட் ரேட் என்றால் என்ன. விளக்கத்தைச் சரியாக எழுதிவிட்டு, உயர்ந்தபட்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு என்கிற சமன்பாட்டை எழுதாமல் விட்டிருந்தேன். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் பக்கத்தில் ஒரு 1, அதைச் சுற்றி வட்டம். மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டினேன். மாற்றம் இல்லை என்று வந்தது. நியாயம்தான், சமன்பாடு இல்லையே. ஆனால் 81-க்கும் 90-க்கும் நடுவில் இருந்த ஒன்பது மதிப்பெண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லாமல், 90-க்கும் 91-க்கும் நடுவில் இருந்த ஒற்றை மதிப்பெண்ணுக்கு முழுப் பாயின்ட் என்பதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அப்படியானால் சதவீதமே மேல் என்று சொல்லிவிடலாமா? எங்கள் வீட்டிலேயே அதற்கு எதிர்சாட்சி இருக்கிறார். சித்தப்பா சதவீதக் காலத்தில் பி.எஸ்சி. முடித்தவர், 59.6. முதல் வகுப்புக்கு 60 வேண்டும். 'ஃபர்ஸ்ட் கிளாஸ் மட்டும்' என்று விளம்பரம் வந்த வேலைக்கெல்லாம் விண்ணப்பமே போட முடியாமல் போனதை இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் சொல்வார். சதவீதத்திலும் பள்ளம் உண்டு. ஆனால் அங்கே பள்ளம் ஒன்றுதான், அதுவும் எல்லாவற்றையும் கூட்டி முடித்த பிறகு. ஒரு தாளில் விட்ட மூன்று மதிப்பெண்ணை இன்னொரு தாளில் பிடித்துவிடலாம். கிரேடில் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக ஐந்தாறு பள்ளம். ஒரு தாளில் கூடுதலாக வாங்கிய நான்கு மதிப்பெண்ணை அடுத்த தாளுக்குத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

பிளேஸ்மென்ட் சமயத்தில் இன்னொரு கூத்து. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் என்பது அப்போது நிறைய கம்பெனிகள் வைத்த நிபந்தனை. விண்ணப்பப் படிவத்தில் சதவீதம் போடும் கட்டம் இருக்கும், சிஜிபிஏ (எல்லா செமஸ்டரையும் சேர்த்த பாயின்ட் சராசரி) போட இடம் இருக்காது. ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு கணக்கு. சிலர் பத்தால் பெருக்கினார்கள். சிலர் 9.5-ஆல் பெருக்கினார்கள். ஒரு சீனியர் அக்கா முக்கால் பாயின்ட்டைக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கு என்றார். என் 8.33 முதல் கணக்கில் 83.3, இரண்டாவதில் 79.1, மூன்றாவதில் 75.8. ஒரே ஆள், ஒரே படிப்பு, மூன்று சதவீதம்.

அப்புறம் விசாரித்தபோதுதான் ஒவ்வொன்றின் பூர்வீகமும் தெரிந்தது. 9.5 என்பது கல்லூரிக்கு உண்டான கணக்கே இல்லை. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் கிரேடு முறை இருந்த காலத்தில் அந்த வாரியம் சொன்னது. 91 முதல் 100 வரை வாங்கியவர்களின் சராசரி சுமார் 95-ஆக இருந்ததால் 95-ஐப் பத்தால் வகுத்து 9.5 என்று வைத்தார்கள். அதைப் பொறியியல் சிஜிபிஏ-வுக்குப் போடுவது, செருப்புக் கடை அளவை வைத்துச் சட்டை தைக்கிற மாதிரி. முக்கால் கழிக்கிற கணக்கு, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் சமன் அட்டவணையில் இருந்து வந்தது. அதில் 6.25 என்றால் 55 சதவீதம், 6.75 என்றால் 60, 7.25 என்றால் 65, 8.25 என்றால் 75.

பத்தால் பெருக்குவதுதான் வேடிக்கை. எங்கள் அட்டவணைப்படி 9 பாயின்ட் என்றால் 81 முதல் 90 வரை எங்கேயும் இருக்கலாம். பத்தால் பெருக்கும்போது எல்லாரையும் 90-இல் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். அந்த நாலாவது செமஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 83.3 வருகிறது, உண்மையான சராசரி 83. ஏறக்குறைய சரி, ஏனென்றால் நான் எப்போதும் கட்டத்தின் மேல் விளிம்பிலேயே நின்றவள். தோழிக்கு 90 வருகிறது, உண்மை 81.3. கட்டத்தின் நடுப்புள்ளியை எடுத்தால் அவளுக்கு 85.5, எனக்கு 78.8. எந்தக் கணக்கைப் போட்டாலும் போன மதிப்பெண் திரும்பி வராது. கரும்பைச் சாறாக்கிய பிறகு சாற்றில் இருந்து கரும்பைக் கட்டச் சொல்கிற கதைதான்.

ஜெர்மனிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 என்றால் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அவர்கள் மாற்றுவது திருத்திய பவேரியச் சூத்திரம் என்ற ஒன்றால். உச்ச மதிப்பெண்ணில் இருந்து நம் மதிப்பெண்ணைக் கழி, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. அந்த ஒரு செமஸ்டரை மட்டும் வைத்துப் பார்த்தோம். கிரேடு வழியில் தோழிக்கு 1.6, எனக்கு 2.0. மதிப்பெண் வழியில் எனக்கு 2.0, அவளுக்கு 2.1. அவள் சத்தமில்லாமல் மதிப்பெண் விவரத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்தச் சூத்திரத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. குறைந்தபட்சத் தேர்ச்சி எது என்பதும் கணக்கில் நுழைகிறது. தேர்ச்சி 5 பாயின்ட் என்றால் 8.33 என்பது 2.0. தேர்ச்சி 4 பாயின்ட் உள்ள பல்கலைக்கழகத்தில் அதே 8.33 என்பது 1.8. ஆகையால் நீங்களாகச் சதவீதமாக மாற்றி எழுதாதீர்கள். கிரேடு அட்டவணையும் தேர்ச்சி வரம்பும் அச்சடித்த பக்கத்தோடு டிரான்ஸ்கிரிப்டை அனுப்புங்கள், மாற்றுவது அவர்கள் வேலை. வெளிநாட்டு எண்ணைப் பார்த்து நாம் மிரள வேண்டியதும் இல்லை. இங்கிலாந்தில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு. நம் ஊரில் 70 எடுத்தவனை வீட்டில் சும்மா விடுவார்களா?

படித்து முடித்து எம்.இ. பண்ணி, இப்போது ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும், சதவீதத்தின் மீது இருந்த பக்தி எனக்குக் குறைந்துபோனது. ஒருமுறை மாடல் எக்ஸாம் கட்டில் இருந்து ஐந்து தாள்களைத் திருத்துவதற்கு முன்பே ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். ஒரு மாதம் கழித்து, முதலில் போட்டதைப் பார்க்காமல், அந்தப் பிரதிகளைத் திருத்தினேன். ஒரே ஒரு தாளில்தான் அதே மதிப்பெண் வந்தது. ஒன்றில் 61 போட்டவள் 67 போட்டிருந்தேன். இன்னொன்றில் 82 போட்டவள் 78. திருத்தியவள் நானே, விடைக் குறிப்பு அதே, மாணவர் அதே. பதினாறு மார்க் கேள்விக்கு 11 போடுவதா 12 போடுவதா என்பது அந்த நேரத்து மனநிலை, அதற்கு முன்னால் திருத்திய தாள் நல்லதா மோசமா, மதியச் சாப்பாடு ஆச்சா ஆகலையா என்பதைப் பொறுத்தது. இதை வெளியில் சொன்னால் சில சக ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

எனவே 89-க்கும் 91-க்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா என்று கேட்டால், கிடையாது. இருவரையும் ஒரே கட்டத்தில் போட்டு 'இவ்வளவுதான் எங்களால் சொல்ல முடியும்' என்று ஒத்துக்கொள்கிற நேர்மை கிரேடில் இருக்கிறது. துரதிர்ஷ்டம், கோடு சரியாக அந்த 90-க்கும் 91-க்கும் நடுவில்தான் போகிறது. கட்டத்தின் நடுவில் இருப்பவருக்குக் கிரேடு நியாயமானது, விளிம்பில் நிற்பவருக்கு லாட்டரி. சதவீதம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்கிறது. கிரேடு பலருக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, சிலருக்கு மட்டும் பெரிய பொய்யாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால் கிரேடு, மதிப்பெண், அந்த வகுப்பின் சராசரி மூன்றையும் ஒரே தாளில் அச்சடித்துவிட வேண்டும். மை ஒன்றும் கூடுதலாகச் செலவாகாது.

இப்போது எங்கள் கல்லூரியில் ஒப்பீட்டு கிரேடு. வகுப்பின் சராசரியையும் மதிப்பெண் பரவியிருக்கும் விதத்தையும் பார்த்து, கோட்டை ஒவ்வொரு தாளுக்கும் தனியாகப் போடுகிறோம். கடினமான கேள்வித்தாள் வந்த ஒரு வருஷம் 76 எடுத்த பெண்ணுக்கு உச்ச கிரேடான ஓ கிடைத்தது, அவளுக்கு அது தகும். அடுத்த வருஷமே ஒரு பையன் வந்து நின்றான். "மேடம், போன வருஷம் அக்கா 84-க்கு ஏ பிளஸ் வாங்கினாங்க. நானும் 84, எனக்கு மட்டும் ஏ. நான் என்ன தப்புப் பண்ணேன்?" ஒரு தப்பும் பண்ணவில்லை, நன்றாகப் படிக்கிற வகுப்பில் மாட்டிக்கொண்டான். இதையெல்லாம்விட எனக்கு உறுத்தியது வேறு. அந்த முறை வந்த பிறகு, தேர்வுக்கு முந்தின வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸ் வருவது குறைந்துவிட்டதாக ஒரு மாணவி சொன்னாள். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் முதல் 10 சதவீதம் பேருக்கு ஏ, அடுத்த 25 சதவீதம் பேருக்கு பி என்று பங்கு பிரித்தார்கள். 2009-இல் அதை விட்டுவிட்டு, எந்த கிரேடை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று காட்டும் அட்டவணையைக் கொடுக்கும் வழக்கத்துக்கு மாறினார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. கிரேடு எதுவாக இருந்தாலும் படிப்பவர் தானே எடை போட்டுக்கொள்ளலாம்.

முறையை மாற்றுவது நம் கையில் இல்லை. இருக்கிற முறைக்குள் என் மாணவர்களுக்கு நான் சொல்வது, முதல் வாரமே ரெகுலேஷன் புத்தகத்தில் கிரேடு அட்டவணை இருக்கும் பக்கத்தைப் படித்துவிடுங்கள் என்பதுதான். நாலு வருஷம் படித்துவிட்டு அதை ஒருமுறைகூடத் திறக்காதவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள், நானும் அதில் ஒருத்தி. இன்டர்னலை அலட்சியப்படுத்தாதீர்கள். 20-க்கு 80 என்ற முறையில் இன்டர்னலில் ஒரு மதிப்பெண், தேர்வுத்தாளின் ஒன்றேகால் மதிப்பெண்ணுக்குச் சமம். ஒழுங்காக ஒரு அசைன்மென்ட் வைத்திருந்தால் என் இன்டர்னல் 20 ஆகியிருக்கும், நைக்விஸ்டை மறந்ததும் மன்னிக்கப்பட்டிருக்கும்.

இன்டர்னல் தெரிந்த பிறகு ஐந்து நிமிஷக் கணக்கு ஒன்று போடுங்கள். உதாரணமாக அந்த முறையில் இன்டர்னல் 17 என்றால், 81-ஐத் தொடத் தேர்வில் 80 வேண்டும், 91-ஐத் தொட 92 வேண்டும் (90.6 வரும், முழு எண்ணாக்கினால் 91). உங்களால் 92 முடியாது என்று மனதுக்குத் தெரிந்தால், 85-ஐ 88 ஆக்கச் செலவிடும் இரண்டு நாளை, 68-இல் நிற்கும் இன்னொரு தாளுக்குக் கொடுங்கள். அதிலும் கிரெடிட் அதிகமான தாள் முதலில். 25 கிரெடிட் உள்ள செமஸ்டரில் 4 கிரெடிட் தாளில் ஒரு கிரேடு ஏறினால் அந்த செமஸ்டர் சராசரி 0.16 ஏறும். படிப்பை இப்படித் தராசில் போடுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் முறை அப்படித் தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, பிள்ளைகளிடம் மட்டும் தராசைப் பார்க்காதே என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

விடைத்தாள் ஜெராக்ஸ் கேட்கும் வசதி இருந்தால், எதிர்பார்த்ததைவிட ஒரு கிரேடு குறைந்த தாளுக்கு மட்டும் கேளுங்கள். வந்ததும் முதலில் கூட்டலைச் சரிபாருங்கள், அடுத்து திருத்தாமல் விட்ட பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், கடைசியாகத்தான் 'இதற்கு இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்' என்கிற வருத்தம். மறுமதிப்பீட்டில் கைகொடுப்பது பெரும்பாலும் முதல் இரண்டும்தான். ஒரு தாளில் ஒரு கிரேடு போனால் உலகம் முடிந்துவிடாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நாலு வருஷத்துக்குச் சுமார் 180 கிரெடிட் என்றால், ஒரு 4 கிரெடிட் தாளில் விட்ட ஒரு பாயின்ட், கடைசி சிஜிபிஏ-வில் 0.02 தான்.

போன மாதம் சித்தப்பா பையன் போன் பண்ணினான், ஏதோ கம்பெனி ஆன்லைன் படிவம், இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறதாம். "அக்கா, பர்சன்டேஜ் கேக்குது. பத்தால பெருக்கிப் போட்டுரட்டா?"

"உன் இஷ்டத்துக்கு ஒண்ணும் போடாத. கிரேடு ஷீட்டோட பின்பக்கத்தத் திருப்பு. உங்க யுனிவர்சிட்டி மாத்துற கணக்க அங்கதான் போட்டிருக்கும். அதையே போடு, எல்லா எடத்துலயும் அதே நம்பர் வரணும். ஒரு படிவத்துல 83, இன்னொண்ணுல 79ன்னு இருந்தா சர்டிபிகேட் சரிபாக்குறப்ப மாட்டிக்குவ. பின்பக்கத்துல இல்லன்னா கன்ட்ரோலர் ஆபீஸ்ல கன்வர்ஷன் சர்டிபிகேட் கேட்டு வாங்கு."

அந்தப் பக்கம் சத்தமே காணோம். காகிதம் புரளும் ஓசை மட்டும்.

"என்னடா?"

"ஒரிஜினல் வீட்ல இருக்குதுக்கா. ஜெராக்ஸ்தான் கைல இருக்குது. பின்பக்கம் எடுக்கல."